ஆங்கிலத் தொடரில் பெயர்முன் அடை: பெயர்ச்சொல்லா, பெயரடையா? – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வருவது பெயரடையாகவும் இருக்கலாம்; மற்றொரு பெயர்ச்சொல்லாகவும் இருக்கலாம். இரண்டில் எதைத் தேர்வது என்பதற்குக் கற்பித்தல் நிலையில் வழங்கும் விதிகள் போதுமானவையல்ல என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. யெஸ்பர்ஸன், ஜூடித் லெவி, ஹடில்ஸ்டன் – புல்லம் ஆகியோரின் விளக்கங்கள் மதிப்பிடப்படுகின்றன. சொல்வகை வேறுபாட்டைவிட, அடை உணர்த்துவது பண்பா உறவா என்னும் வேறுபாடே தேர்வைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பது கட்டுரையின் கருத்து. ஆய்வேட்டுத் தலைப்பு, கலைச்சொல்லாக்கம், மக்கட்பிரிவின் பெயர் ஆகியவற்றில் இத்தேர்வு உண்டாக்கும் விளைவுகளும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பெயர்முன் அடை, அடைப்பெயர், உறவுப் பெயரடை, பண்புப் பெயரடை, தொகை, கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

தமிழாய்வுலகில் இன்று ஆய்வேட்டிற்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் ஆங்கிலத் தலைப்பும் ஆங்கிலச் சுருக்கமும் கேட்கப்படுவது வழக்கமாகிவிட்டது. தலைப்பு என்பது பெரும்பாலும் ஒரு பெயர்த்தொடர். அதன் பொருள், தலைமைப் பெயரைவிட அதற்கு முன்னால் நிற்கும் அடைகளையே மிகுதியும் சார்ந்திருக்கிறது. அடையில் நேரும் சிறு பிறழ்ச்சி ஆய்வுப் பொருளையே மாற்றிக் காட்டிவிடும். 'ஹிஸ்டரி டீச்சர்' என்றால் வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர். 'ஹிஸ்டாரிக்கல் டீச்சர்' என்றால் வரலாற்றில் உண்மையாக வாழ்ந்த ஓர் ஆசிரியர் என்றே படிப்பவர் கொள்வார். இரண்டும் இலக்கணப் பிழையற்ற தொடர்களே. பிழை திருத்தும் மென்பொருளும் இவ்விடத்தில் துணைசெய்யாது.

இவ்வேறுபாட்டை விளக்க வகுப்பறைகளில் இரண்டு விதிகள் வழங்குகின்றன. ஒன்று, பெயரடை வடிவம் கிடைக்குமாயின் அதையே பயன்படுத்த வேண்டும். அது இல்லாதபோதே பெயர்ச்சொல்லை அடையாக்கலாம் என்பது. மற்றொன்று, பெயர்ச்சொல் அடை பொருளின் வகையையும் பெயரடை பொருளின் தன்மையையும் காட்டும் என்பது. முதல் விதி பெரும்பாலான எடுத்துக்காட்டுகளில் தவறிவிடுகிறது. இரண்டாவது பாதி உண்மை. மீதிப் பாதி எது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டுரையில் மூன்று சொற்கள் வரையறுத்துக் கையாளப்படுகின்றன. பெயருக்கு முன் நின்று அதைச் சிறப்பிக்கும் எச்சொல்லும் 'பெயர்முன் அடை'; இது தொடரில் ஒரு சொல் ஆற்றும் பணியின் பெயர். அப்பணியைச் செய்யும் பெயர்ச்சொல் 'அடைப்பெயர்'. 'பெயரடை' என்பது சொல்வகையின் பெயர். பணியையும் வகையையும் ஒன்றாகக் கருதுவதே இத்துறையில் நேரும் குழப்பங்களுள் பலவற்றிற்குக் காரணமாகிறது.

2. அறிஞர் விளக்கங்களும் அவற்றின் எல்லைகளும்

2.1. யெஸ்பர்ஸன்

டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்டோ யெஸ்பர்ஸன், தமது நவீன ஆங்கில இலக்கணத்தின் 1914இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில், தொகைச்சொல்லின் முன்னுறுப்பு பெயரடைத் தன்மையை நோக்கி நகர்ந்துவருவதை விரிவாக ஆராய்ந்தார். 1924இல் வெளிவந்த இலக்கணத் தத்துவம் பற்றிய நூலில், ஒரு சொல் தொடரில் பெறும் தரநிலை வேறு, அதன் சொல்வகை வேறு என்று பிரித்துக் காட்டினார். தலைமைச் சொல் முதல் தரம். அதைச் சிறப்பிப்பது இரண்டாம் தரம். இரண்டாம் தரத்தில் பெயரடையும் நிற்கலாம், பெயரும் நிற்கலாம். பின்வந்த விவாதங்களுக்கு வழி திறந்த பகுப்பு இது. ஆயினும் எச்சூழலில் எது நிற்கும் என்னும் வினாவிற்கு இது விடை தருவதில்லை.

2.2. ஜூடித் லெவி

ஜூடித் லெவி 1978இல் வெளியிட்ட நூல் இவ்விவாதத்தில் ஒரு திருப்பம். 'ஆட்டம் பாம்', 'அட்டாமிக் பாம்' என்னும் இரண்டு வடிவங்களும் ஒரே பொருளைத் தருவதை அடிப்படையாகக் கொண்டு, இத்தகைய பெயரடைகள் அடிநிலையில் பெயர்களே என்று அவர் வாதிட்டார். அடைக்கும் தலைமைப் பெயருக்கும் இடையே மறைந்து நிற்கும் உறவுகளை ஒன்பதாகத் தொகுத்தார். அவற்றைத் தமிழில் காரணமாதல், உடைமை, ஆக்கம், பயன்படுத்தல், ஒன்றாதல், இடம், நோக்கம், மூலம், பொருள்பற்றியதாதல் எனக் குறிக்கலாம்.

தமிழ் இலக்கண மரபறிந்தோர்க்கு இவ்வணுகுமுறை புதிதன்று. தொல்காப்பியம் தொகைகளை ஆறாக வகுத்தது. உரைமரபில் 'பொற்குடம்' பொன்னாலாகிய குடம் என்றும், 'தயிர்க்குடம்' தயிரையுடைய குடம் என்றும், 'தேர்ப்பாகன்' தேரைச் செலுத்தும் பாகன் என்றும் விரிக்கப்பெற்றன. உருபோடு அதன் பயனை உணர்த்தும் சொல்லும் மறைந்து நிற்பதை 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று மரபு வழங்கியது. மறைந்திருந்தும் மீட்டெடுக்கத்தக்க பயனிலை என்று லெவி கூறுவதும் இந்த உடன்தொக்க பயனும் நெருங்கிய கருத்துகள். இவ்வொப்புமையைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூறுவதற்கில்லை. ஒரே மொழிநிகழ்வைக் கண்ட இருவேறு மரபுகள் ஒத்த முடிவை அடைந்துள்ளன என்று கொள்வதே பொருந்தும்.

லெவியின் கொள்கைமீது இரண்டு தடைகளை எழுப்பலாம். முதலாவது, உறவுகளை ஒன்பதுக்குள் அடக்க முடியுமா என்பது. 1977இலேயே பமீலா டவுனிங், சூழலுக்கேற்பப் புதிதாகப் படைக்கப்படும் தொகைகளைக் காட்டி, உறவுகளை ஒரு வரம்புக்குள் நிறுத்த இயலாது என்று வாதிட்டிருந்தார். இரண்டாவது தடை நம் வினாவோடு நேரடியாகத் தொடர்புடையது. அடைப்பெயரும் பெயரடையும் அடிநிலையில் ஒன்றே என்றால், 'சோலார் சிஸ்டம்' இருக்க 'சன் சிஸ்டம்' ஏன் இல்லை? 'சன் ஹேட்' இருக்க 'சோலார் ஹேட்' ஏன் அப்பொருளில் வருவதில்லை? ஒற்றுமையைக் காட்டிய கொள்கை தேர்வை விளக்காமல் விட்டுவிட்டது.

2.3. ஹடில்ஸ்டன் – புல்லம்

2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் பணியையும் வகையையும் உறுதியாகப் பிரிக்கின்றனர். 'கவர்ன்மென்ட் பாலிசி' என்னும் தொடரில் முதற்சொல் அடையாகப் பணிசெய்தாலும் அது பெயர்ச்சொல்லே. அடையாக நிற்பதனாலேயே அது பெயரடையாகிவிடாது. இதை உறுதிசெய்யும் சோதனைகளுள் ஒன்று, அடையை எச்சொல் மேலும் சிறப்பிக்கிறது என்பது. பெயரடையை வினையடை சிறப்பிக்கும். பெயரைப் பெயரடை சிறப்பிக்கும். 'மாடர்ன் ஹிஸ்டரி லெக்சரர்' என்னும் தொடரில் 'மாடர்ன்' என்பது 'ஹிஸ்டரி'யைச் சிறப்பிக்கும்போது, தற்கால வரலாற்றைக் கற்பிக்கும் விரிவுரையாளர் என்னும் பொருள் கிடைக்கிறது. ஆகவே 'ஹிஸ்டரி' அங்கும் பெயரே.

சொல்வகையைத் துணிவதற்கு இச்சோதனை உதவும். ஆனால் எழுதுபவர்க்கு வேண்டியது, எழுதிய சொல் எவ்வகை என்னும் தெளிவு மட்டுமன்று. எழுதப்போகும் சொல் எது என்னும் வழிகாட்டல். அதற்குச் சொல்வகையைக் கடந்து பொருள்நிலைக்குச் செல்ல வேண்டியுள்ளது.

3. பண்பும் உறவும்

ஆங்கிலப் பெயரடைகளைப் பொருள்நிலையில் இரண்டாகப் பகுக்கலாம். 'டால்', 'கைண்ட்', 'ஓல்ட்' போன்றவை பொருளின் பண்பைச் சொல்வன. இவற்றின்முன் 'வெரி' வரும், இவை ஒப்பீட்டு வடிவம் கொள்ளும், பயனிலையாகவும் நிற்கும். 'டென்டல்', 'சோலார்', 'அட்டாமிக்' போன்றவை ஒரு பொருள் மற்றொரு பொருளோடு கொண்ட தொடர்பைச் சொல்வன. 'டென்டல் சர்ஜன்' என்பவர் பல்லோடு தொடர்புடைய மருத்துவர். அவர் பல்போன்றவர் அல்லர். 'வெரி டென்டல் சர்ஜன்' என்று எவரும் சொல்வதில்லை. முன்னவற்றைப் பண்புப் பெயரடை என்றும் பின்னவற்றை உறவுப் பெயரடை என்றும் கொள்வோம்.

உறவுப் பெயரடை வடிவத்தால் பெயரடை. நடத்தையால் அடைப்பெயருக்கு உறவினர். 'சோலார் அண்ட் விண்ட் எனர்ஜி' என்னும் தொடர் இதற்குத் தெளிவான சான்று. இங்குப் பெயரடையான 'சோலா'ரும் பெயரான 'விண்'டும் 'அண்ட்' என்னும் இணைப்பால் ஒருநிகராக நிற்கின்றன. 'விண்ட்' என்பதற்கு 'விண்டி' என்னும் பெயரடை இருந்தும் 'விண்டி எனர்ஜி' என்று யாரும் எழுதுவதில்லை. 'விண்டி' காற்று மிகுந்த தன்மையைக் குறிக்கும் பண்புப் பெயரடை. ஆற்றலின் மூலத்தைக் குறிக்க அதற்கு உரிமையில்லை. பெயரடை இருந்தால் அதையே பயன்படுத்துக என்னும் முதல் விதி இவ்வொரு சான்றிலேயே நிலைகுலைகிறது.

இதிலிருந்து ஒரு பொதுமையை வகுக்கலாம். ஆங்கிலத்தின் சொந்த விகுதியாகிய '-ய்' கொண்டு ஆகும் பெயரடைகள் பெரும்பாலும் பண்பையே குறிக்கின்றன. 'சன்னி' என்பது வெயில் நிறைந்தது. 'ஹார்ட்டி' என்பது மனமார்ந்தது அல்லது வயிறார்ந்தது. 'மில்க்கி' என்பது பால்போன்றது. உறவைக் குறிக்க இம்மொழிக்கு இரண்டு வழிகள் எஞ்சுகின்றன. ஒன்று பெயரையே அடையாக்குதல்: 'சன் ஹேட்', 'ஹார்ட் டிசீஸ்', 'மில்க் பாட்டில்'. மற்றொன்று இலத்தீன், கிரேக்க மூலத்திலிருந்து வந்த உறவுப் பெயரடையைக் கொள்ளுதல்: 'சோலார்', 'கார்டியாக்', 'லூனார்', 'ஓரல்'. எனவே 'சன்' என்னும் பெயருக்கு எதிரே 'சன்னி', 'சோலார்' என்னும் இரண்டு பெயரடைகள் நிற்கின்றன. தேர்வு இருமுனையன்று, மும்முனை.

உறவைக் குறிக்கும் இரு வழிகளுக்கிடையே தேர்வை எது முடிவுசெய்கிறது? அன்றாட வழக்கில் அடைப்பெயரும், துறைசார் வழக்கில் இலத்தீன வழிப் பெயரடையும் மிகுதியாக வருகின்றன. 'டூத்பிரஷ்' வீட்டுப்பொருள், 'டென்டல் சர்ஜன்' தொழிற்பெயர். ஆனால் இதையும் முழு விதியாகக் கொள்ள இயலாது. 'ஹார்ட் அட்டாக்' என்பது இதயத்தசைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்படுவது. 'கார்டியாக் அரெஸ்ட்' என்பது இதயத்துடிப்பே நின்றுபோவது. மருத்துவத்தில் இரண்டும் வேறு நிலைகள். முன்னது எளிய சொல், பின்னது அதன் அறிவியற் சொல் என்று எண்ணி ஒன்றற்கு மற்றொன்றை இட்டால் செய்தியே தவறாகும். ஒரு தொடர் பெயராக நிலைபெற்றுவிட்டால் அதன் அடை பொதுவிதிக்குக் கட்டுப்படாது. நிலைபெற்ற வழக்கே விதியாகும்.

4. ஆக்கப்பொருளும் வரலாற்று எச்சமும்

இன்னது கொண்டு செய்யப்பட்டது என்பதைக் குறிக்கப் பழைய ஆங்கிலத்தில் '-என்' விகுதி தாராளமாகப் பயன்பட்டது. கல்லாலானது என்பதற்கும் அவ்விகுதி பெற்ற சொல் அக்காலத்தில் இருந்தது. இன்று அது வழக்கொழிந்து, 'ஸ்டோன் வால்' என அடைப்பெயரே அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. எஞ்சியுள்ள '-என்' பெயரடைகளின் நிலை ஒரே சீராக இல்லை. 'வுடன்', 'வுல்லன்', 'எர்தன்' ஆகியவை இன்றும் ஆக்கப்பொருளை உணர்த்துகின்றன. 'கோல்டன்', 'லெடன்', 'சில்கன்' ஆகியவை பெரும்பாலும் உவமைப் பொருளுக்குப் பெயர்ந்துவிட்டன. பொன்னாலான மோதிரம் 'கோல்ட் ரிங்'. பொன்னிறக் கூந்தலும் பொன்னான வாய்ப்பும் 'கோல்டன்' என்னும் அடையைக் கொள்கின்றன. பட்டுச் சேலை 'சில்க் சாரி'. பட்டுப்போன்ற குரல் 'சில்கன் வாய்ஸ்'.

'வுட்', 'வுடன்' இரண்டும் உயிரோடிருப்பதால் அவற்றிடையே பணிப்பகிர்வு நேர்ந்துள்ளது. 'வுடன் டேபிள்' மரத்தாலான மேசை. 'வுட் ஸ்டவ்' விறகை எரிக்கும் அடுப்பு. பெயரடை கிடைக்கிறதே என்று 'வுடன் ஸ்டவ்' என்றெழுதினால் மரத்தால் செய்த அடுப்பாகிவிடும். மூட்டிய அன்றே அது எரிந்துபோகும். '-என்' பெயரடை ஆக்கப்பொருள் என்னும் ஒரே உறவில் குறுகி நிற்க, அடைப்பெயர் நோக்கம், பயன்பாடு, மூலம் என எவ்வுறவையும் ஏற்கும் நெகிழ்ச்சியோடு நிற்கிறது. இந்நெகிழ்ச்சி அடைப்பெயரின் வலிமை. அதன் மயக்கத்திற்கும் இதுவே வாயில்.

5. ஒரு பெயரடை, இரு பெயர்கள்

உறவுப் பெயரடையிலும் மயக்கம் உண்டு. ஆனால் அது வேறுவகையானது. ஒரே பெயரடை இரண்டு பெயர்களுக்கு உரியதாக அமையும்போது அது தோன்றுகிறது. 'லிங்குவிஸ்டிக்' என்பது 'லாங்குவேஜ்' என்னும் மொழிக்கும் 'லிங்குவிஸ்டிக்ஸ்' என்னும் மொழியியலுக்கும் பொதுவான பெயரடை. 'லிங்குவிஸ்டிக் பிராப்ளம்' மொழிச் சிக்கலாகவும் மொழியியற் சிக்கலாகவும் இருக்கலாம். கிரியர்சன் தலைமையில் உருவாகி 1903 முதல் 1928 வரை வெளிவந்த இந்திய மொழிகளின் அளவீட்டுத் தொகுதிகளின் பெயரில் உள்ள 'லிங்குவிஸ்டிக்' மொழிகளையே சுட்டுகிறது. 'லிங்குவிஸ்டிக் தியரி' என்னும்போது அது மொழியியலைச் சுட்டுகிறது. 'லாங்குவேஜ் பாலிசி' என அடைப்பெயரைக் கொண்டால் இம்மயக்கம் எழுவதில்லை. தெளிவு வேண்டும் இடத்தில் பெயரடையை விட்டுப் பெயரை நாடுவது இங்குத் தகும்.

உளவியல் துறையில் இது மேலும் கூர்மையாகிறது. 'சைக்காலஜி டெஸ்ட்' மாணவர் எழுதும் உளவியற் பாடத்தேர்வு. 'சைக்கலாஜிக்கல் டெஸ்ட்' ஒருவரின் உளப்பாங்கை அளக்கும் சோதனை. பெயர் துறையைச் சுட்ட, பெயரடை அத்துறை ஆராயும் பொருளைச் சுட்டுகிறது. 'கிராமர் புக்', 'கிராமாட்டிக்கல் சென்டென்ஸ்' என்னும் இணையிலோ பெயரடை பண்புப் பொருளுக்கே பெயர்ந்து, இலக்கண வழுவற்ற என்னும் மதிப்பீட்டைத் தருகிறது. ஆயினும் 'கிராமாட்டிக்கல் டிரடிஷன்' என்னும் தொடரில் அதே பெயரடை உறவுப் பொருளில் நின்று இலக்கண மரபைக் குறிக்கிறது. தலைமைப் பெயரே பொருளைத் துணிகிறது. வாக்கியம் வழுவற்றதாக இருக்கலாம். மரபுக்கு அம்மதிப்பீடு பொருந்தாது.

பண்பும் உறவும் ஒரே வடிவில் கூடும் சொற்களில் 'கிரிமினல்', 'லீகல்' ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 'கிரிமினல் லாயர்' குற்ற வழக்குகளை நடத்துபவர்; வழக்கறிஞரே குற்றவாளி என்னும் மற்றொரு பொருளும் இத்தொடரில் ஒளிந்திருப்பதால் நகைச்சுவைக்கு இது பயன்படுகிறது. 'லீகல் அட்வைஸ்' சட்டம்பற்றிய ஆலோசனை. 'லீகல் டிரக்ஸ்' சட்டம் அனுமதித்த மருந்துகள். பயனிலையாக்கிப் பார்ப்பதே எளிய சோதனை. 'இம்மருந்து சட்டத்திற்கு உட்பட்டது' என்பது பொருள் மாறாமல் நிற்கிறது. 'இவ்வாலோசனை சட்டத்திற்கு உட்பட்டது' என்றால் பொருள் வேறாகிவிடுகிறது.

6. தமிழாக்கத்தில் விளைவுகள்

மேற்கண்ட சோதனைக்கு இணையான ஒன்று தமிழில் உண்டு. '-ஆன' என்னும் ஈறு பண்பை உணர்த்தும் அடைக்கே இயல்பாகப் பொருந்தும். 'அழகான ஓவியம்' என்போம். 'வரலாறான நாவல்' என்பதில்லை, 'வரலாற்று நாவல்' என்போம். ஆங்கில உறவுப் பெயரடையைத் தமிழில் பெயர்த்தொகையால் தருவதே நேரிய வழி. ஆங்கில மூலத்தில் பெயரடை இருப்பதால் தமிழிலும் பெயரடை வடிவம் வேண்டும் என்னும் எண்ணமே 'ரீதியான', 'பூர்வமான' என்னும் ஒட்டுகளைப் பெருக்குகிறது. 'லீகல் அட்வைஸ்' என்பதைச் 'சட்டபூர்வமான ஆலோசனை' என்று பெயர்த்தால், சட்டம்பற்றிய ஆலோசனை சட்டத்திற்கு உட்பட்ட ஆலோசனையாக மாறிவிடும். 'சட்ட ஆலோசனை' என்பதே போதும். 'மொழிரீதியான சிறுபான்மையினர்' என்பதினும் 'மொழிச் சிறுபான்மையினர்' சுருக்கமும் செறிவும் உடையது.

ஆய்வேடுகளில் முதல் இயலிலேயே எதிர்ப்படும் மற்றொரு தொடர் 'லிட்டரேச்சர் ரிவ்யூ'. இங்கு 'லிட்டரேச்சர்' என்பது ஒரு பொருள்பற்றி முன்பே வெளிவந்த எழுத்துகளின் தொகுதி. 'லிட்டரரி' என்னும் பெயரடைக்கு இப்பொருள் இல்லை. 'லிட்டரரி ரிவ்யூ' என்றால் இலக்கிய மதிப்புரை அல்லது இலக்கிய இதழ் என்றே கொள்ளப்படும். மண்ணியல் ஆய்வாளரும் 'லிட்டரேச்சர் ரிவ்யூ' எழுதுகிறார். அவர் இலக்கியத்தைத் தொடுவதில்லை. இதை 'இலக்கிய மீளாய்வு' எனத் தமிழாக்குவது எத்துறையிலும் பொருந்தாதது. தமிழிலக்கிய ஆய்வேட்டிலோ ஆய்வுக்குரிய இலக்கியத்தையே மீளாய்வதாகப் படிப்பவரை நேரே தவறான பொருளுக்கு இட்டுச் செல்கிறது. தமிழ்த்துறைகளில் முன்பே வழங்கும் 'ஆய்வு முன்னோடிகள்' என்னும் தலைப்பு பொருளைச் சரியாகத் தருகிறது.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. தமிழ்த்தொகை பெயர் – பெயரடை வேறுபாட்டைக் காட்டாததால், ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றை எழுதுபவரே துணிய வேண்டியிருக்கிறது. 'சங்க இலக்கியம்' என்பதற்குப் பெயரடை இல்லாமையால் 'சங்கம் லிட்டரேச்சர்' என அடைப்பெயரே நிலைத்தது, சிக்கலில்லை. 'பக்தி இலக்கியம்' என்பதை 'பக்தி லிட்டரேச்சர்' என்றும் எழுதலாம், 'டிவோஷனல் லிட்டரேச்சர்' என்றும் எழுதலாம். பின்னது எச்சமயத்து வழிபாட்டு நூலுக்கும் பொதுவானது. முன்னது இந்தியச் சமய வரலாற்றின் ஒரு குறிப்பிட்ட மரபைச் சுட்டுவது. ஆழ்வார், நாயன்மார் பாடல்களை ஆராயும் கட்டுரைக்குப் பெயரையே அடையாக்குவது பொருத்தம்.

'தமிழ்' என்னும் சொல்லுக்கே ஆங்கிலத்தில் பெயரும் பெயரடையும் ஒரே வடிவம். 'தமிழ் டீச்சர்' என்பதில் முதற்சொல்லில் அழுத்தம் விழுந்தால் தமிழ் கற்பிப்பவர். இரண்டாம் சொல்லில் விழுந்தால் தமிழரான ஆசிரியர். பேச்சில் அழுத்தம் காக்கும் வேறுபாட்டை எழுத்து காப்பதில்லை. 'தமிழ் ஜர்னல்' என்பது தமிழில் வெளிவருவதா, தமிழைப் பற்றியதா, தமிழர் நடத்துவதா என்பதும் அவ்வாறே. இத்தகைய இடங்களில் தொகையை விரித்து எழுதுவதே தெளிவு.

7. மக்கட்பிரிவின் பெயரில் அடை

அடைத்தேர்வு நடை பற்றிய சிக்கலாக மட்டும் நின்றுவிடாத இடம் ஒன்றுண்டு. நாட்டின் பெயர் மக்களையோ நிறுவனத்தையோ சிறப்பிக்கும் இடம் அது. 1600இல் பட்டயம் பெற்ற 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' இந்தியர் நிறுவனமன்று. அப்பகுதியோடு வணிகம் செய்த ஆங்கிலேயர் நிறுவனம். 1858இல் இலண்டனில் அமைந்த 'இந்தியா ஆபீஸ்' இந்தியா குறித்த ஆட்சிப்பணிகளைக் கவனித்த பிரித்தானிய அலுவலகம். 'இந்தியன்' என்னும் பெயரடை வந்திருந்தால் உரிமையும் அடையாளமும் இந்தியர்க்குரியனவாகத் தோன்றியிருக்கும். அடைப்பெயர் தொடர்பை மட்டும் சொல்லும்; நாட்டுப் பெயரடை அடையாளத்தையும் உரிமையையும் ஏற்றிச் சொல்லும்.

இலங்கையின் 2012ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழரை இரண்டு பிரிவாகக் காட்டியது. ஆங்கிலத்தில் ஒன்று 'ஸ்ரீலங்கா தமிழ்'. மற்றொன்று 'இந்தியன் தமிழ்'. முன்னதில் நாட்டின் பெயரே அடை; பின்னதில் பெயரடை. ஆய்வெழுத்துகளில் முன்னது 'ஸ்ரீலங்கன் தமிழ்' எனவும் பரவலாக எழுதப்படுகிறது. இவ்விரு வடிவங்களும் ஒன்றே போலத் தோன்றினும் வாசிப்பில் வேறு விளைவைத் தருகின்றன. 'ஸ்ரீலங்கா' என்னும் அடைப்பெயர் பிரிவின் பெயராக நிற்கிறது. 'ஸ்ரீலங்கன்' என்பதோ பயனிலையாகக்கூடியது: 'இத்தமிழர் இலங்கையர்' என்று விரியும். அவ்வாறு விரிந்தால், மலையகத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழரும் அதனுள் அடங்க வேண்டும். 'ஸ்ரீலங்கன் தமிழ்' – 'இந்தியன் தமிழ்' என்னும் இணையை எதிரெதிரே வைக்கும்போது, ஒரு பிரிவினர் நாட்டின் குடிகள், மற்றவர் அயல்நாட்டார் என்னும் கருத்து சொல்லாமலே உட்புகுகிறது.

இது வெறும் சொல்லாய்வன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப்பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பகிர்ந்தது. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கியது. சட்டத்தால் இலங்கையரானவர்களை 'இந்தியன்' என்னும் பெயரடை, படிப்பவர் மனத்தில் மீண்டும் அயலாராக்குகிறது. 'மலையகத் தமிழர்' என்னும் பெயரை அம்மக்கள் வலியுறுத்துவதன் நியாயம் இலக்கண நோக்கிலும் புலப்படுகிறது. வாழும் இடத்தைச் சுட்டும் அடைப்பெயர், வந்த நாட்டைச் சுட்டும் பெயரடையின் இடத்தைப் பெறுகிறது. கணக்கெடுப்புத் தரவைக் கையாளும் ஆய்வாளர் மூலத்திலுள்ள வடிவத்தை மாற்றாமல் தருவதும், தம் சொந்த எழுத்தில் எப்பிரிவை எப்பெயரால் குறிக்கிறார் என்பதை முதலிடத்திலேயே வரையறுப்பதும் வேண்டற்பாலன.

8. அடைப்பெயர் அடுக்கு

அடைப்பெயர் பக்கம் நியாயங்கள் பல இருப்பினும், அதன் மிகுபயன்பாடு தனிக் குறையாகும். பைபரும் கிரேயும் 2016இல் வெளியிட்ட நூலில், இருபதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆய்வுரைநடையில் அடைப்பெயர்களின் பயன்பாடு பெரிதும் உயர்ந்ததைத் தரவுகளோடு காட்டியுள்ளனர். சுருக்கம் இதன் பயன். உறவுகள் மறைவது இதன் விலை. 'பிளாஸ்டிக் டாய் ஃபேக்டரி' என்பதில் நெகிழி பொம்மைக்கு அடையா, தொழிற்சாலைக்கு அடையா என்பதை உலகறிவால் துணிகிறோம். துறைக்குப் புதியவரிடம் அவ்வுலகறிவு இல்லை. நான்கு, ஐந்து அடைப்பெயர்கள் அடுக்கப்பட்ட ஆய்வுத்தலைப்பு, எழுதியவர்க்கு மட்டுமே விளங்கும் குறியீடாகிவிடுகிறது. அவ்விடத்தில் 'ஆஃப்', 'இன்', 'ஃபார்' என்னும் முன்னிடைச்சொற்களால் தொடரை விரிப்பதே வாசகர்க்குச் செய்யும் உதவி. தொகையை விரித்துப் பொருள்காட்டிய உரையாசிரியர் செய்ததும் இதுவே.

9. முடிவுரை

பெயரடை இருந்தால் அதையே கொள்க என்னும் விதி, பண்புப் பெயரடையையும் உறவுப் பெயரடையையும் வேறுபடுத்தாமையால் பிழைபடுகிறது. பெயர் வகையைக் காட்டும், பெயரடை தன்மையைக் காட்டும் என்னும் விதி, உறவுப் பெயரடையும் வகையையே காட்டுகிறது என்பதைக் காணாமையால் குறைபடுகிறது. இவற்றிற்கு மாற்றாக எழுதுபவர் நான்கு வினாக்களை வரிசையாக எழுப்பலாம். இத்தொடர் துறையில் நிலைபெற்ற பெயரா? ஆம் எனில் வழக்கையே கொள்க. சொல்லவந்தது பண்பா, உறவா? பண்பெனில் பெயரடை, உறவெனில் அடைப்பெயரோ உறவுப் பெயரடையோ. உறவுப் பெயரடை கிடைக்குமாயின், அதற்கு வேறொரு பெயரின் பொருளோ பண்புப் பொருளோ உண்டா? உண்டெனில், மயக்கம் எழும் இடத்தில் அடைப்பெயரே நலம். அடைப்பெயர் மறைக்கும் உறவை வாசகர் மீட்டெடுக்க இயலுமா? இயலாதெனில் தொடரை விரித்தெழுதுக.

இவ்வினாக்கள் ஆங்கிலத்திற்காக எழுந்தவை. ஆயினும் தொகைக்கும் விரிக்கும் இடைப்பட்ட உறவை நுணுகிக் கற்ற தமிழ் மாணவர்க்கு இவை அயலானவை அல்ல. ஆங்கிலத் தலைப்பை எழுதுமுன், தமிழ்த்தொகையை ஒருமுறை விரித்துப் பார்க்கும் பழக்கம் ஆய்வாளரிடம் ஏற்படுமாயின், மேற்காட்டிய பிழைகளுள் பல தோன்றும் முன்பே நீங்கும். தொகைநிலை பற்றிய பாடத்தை ஆங்கில ஆய்வெழுத்துப் பயிற்சியோடு இணைத்துக் கற்பிப்பது குறித்துத் தமிழ்த்துறைகள் கருத வேண்டும்.